600 யார்டுல செமி ஆட்டோ ரைபிள்: தப்பு துவக்குலயா, எங்க கையிலயா?

கந்தப்பளை லீக்ஸ்காரன்:

வணக்கம் எல்லாருக்கும். நான் இலங்கையில நுவரெலியா கிட்ட கந்தப்பளை பக்கம், லீக்ஸும் கெழங்கும் போடுறவன், துவக்கு சங்கதி பெருசா தெரியாது, கேள்வி சின்னப்புள்ளத்தனமா இருந்தா திட்டாதீங்க.

போன மார்ச்சுல டெக்சாஸ்ல இருக்குற மச்சான் வீட்டுக்கு போயிருந்தேன், மாமா மகன். ஒஸ்டினுக்கு மேற்கால, அந்தப் பகுதிக்கு பேரே ஹில் கன்ட்ரியாம், பீதுறுதலாகலை மலைய தெனம் பாத்து வளந்தவனுக்கு அது வெறும் மேடு தான், சொன்னா மச்சானுக்கு கோவம் வருது. அவன்கிட்ட ஏஆர்-10 டைப் செமி ஆட்டோ ரைபிள் ஒன்னு இருக்கு, ஒவ்வொரு வெடிக்கும் அடுத்த தோட்டாவ தானா ஏத்திக்குது, 6.5 கிரீட்மோர் தோட்டா, மேல பெரிய ஸ்கோப், முன்னால ரெண்டு கால் வச்ச தாங்கி, பைபொட். நான் போனதும் மொத வேலையா எனக்கு ஒரு ஹண்டிங் லைசன்ஸ் எடுத்துக் குடுத்தான், வேட்டைக்கே போகல, எதுக்குனு இப்ப வரைக்கும் புரியல.

தூரம் 600 யார்ட். ஒரு அடி அகல இரும்புத் தட்டு சங்கிலியில தொங்குது, வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளி மாதிரி. குப்புறப் படுத்து கன்னத்த வச்சு பாத்தா தட்டு கிட்ட வந்து நிக்குது, ஆனா நம்ம நெஞ்சு துடிக்கிறதுக்கு அந்த குறுக்குக் கோடும் சேந்து துடிக்குது. மச்சான் பக்கத்துல ஒக்காந்து "மூச்ச விட்டுட்டு மெதுவா இழு"ங்குறான். டிரிகர் எப்ப விழுந்துச்சுனே தெரியல, தோள்ல ஒரு தள்ளு, சூடான தோட்டாக் கோது வலப்பக்கம் பறந்து கல்லுல விழுந்துச்சு, சரி தப்பிப் போச்சு போலனு நெனச்சிட்டேன், அதுக்கப்புறம் தான் தூரத்துல இருந்து கோயில் மணிய வெரலால சுண்டின மாதிரி டிங்னு வந்துச்சு. ரெண்டு செக்கனுக்கு மேல ஆயிருக்கும்.

காலம்பற 8 மணிக்கு பத்துக்கு எட்டு பட்டுச்சு, அதுவும் மொத தடவ புடிக்கிறவனுக்கு. மச்சான் ஒரு 40 சுட்டான், சாப்பிட்டோம், பத்தரைக்கு மறுபடி படுத்தேன், பத்துல ஒன்னு கூட படல. எல்லாமே தட்டு நடுவுல இருந்து ஒரு அடி எடப்பக்கம் தள்ளி மண்ணு பறக்குது. மச்சான் சுட்டாலும் அதே கத. தட்டுக்கிட்ட ஒரு ரிப்பன் கட்டியிருக்கான், அது ஆடவே இல்ல, அதனால காத்து இல்லங்குறான். குழாய் சூடாயிருச்சு, செமி ஆட்டோனா இப்படித்தான், இத வித்துட்டு, ஒவ்வொரு வெடிக்கும் கையால இழுத்து தோட்டா ஏத்துற போல்ட் அக்‌ஷன் வாங்கப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான்.

செமி ஆட்டோ தூர சூட்டுக்கு ஆகாதா? இன்னொன்னு, ஆசையில கேக்குறேன், நம்ம ஊர்ல இப்படி ஒன்னு வச்சிருக்க முடியுமா? காட்டுப்பன்னி வேற ராவுல கெழங்கு பாத்திய உழுதுட்டு போகுது.

ஹட்டன் மூனாம் நம்பர்:

ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன் அண்ணே. கச்சேரிக்கு, அதான் மாவட்ட செயலகத்துக்கு, போய் "ஐயா எனக்கு ஸ்கோப் வச்ச செமி ஆட்டோ ரைபிள் ஒன்னு வேணும், கெழங்க காப்பாத்த"னு சொல்லுங்க. திரும்பி வந்தா மிச்சத்த பேசுவோம்.

ஹூஸ்டன்_வாசி:

நான் தலவாக்கலை, இங்க வந்து 14 வருசம், 9 வருசமா சுடுறேன், என்கிட்டயும் ஏஆர்-10 ஒன்னும் போல்ட் ஒன்னும் இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல பொண்டாட்டி திட்டும் இருக்கு.

மொதல்ல அந்த லைசன்ஸ். டூரிஸ்ட் விசாவுல வந்தவங்க துவக்கு தோட்டா கையில வச்சிருக்கறத அமெரிக்க பெடரல் சட்டம் தடுக்குது, செல்லுபடியாகுற ஹண்டிங் லைசன்ஸ் இருந்தா அது ஒரு விதிவிலக்கு. உங்க மச்சான் வெவரமான ஆளு தான், அந்த விசயத்துல.

செமி ஆட்டோ ஆகாதுங்கறது பழைய பேச்சு. ரஷ்யாக்காரன் டிராகுனோவ் ஸ்னைப்பர் ரைபிள 1963ல பட்டாளத்துக்கு எடுத்தான், அது செமி. அமெரிக்க ஆர்மியோட எம்110 ஸ்னைப்பர் ரைபிளும் செமி தான். ஆனா ஒரே காசுக்கு வாங்குனா போல்ட் துவக்கு கொஞ்சம் நெருக்கமா போடும், அது உண்மை. காரணம், செமியில வெடிச்ச வாயுவுல கொஞ்சத்த குழாய்ல ஒரு சின்ன ஓட்டை வழியா திருப்பி எடுத்து அதால தான் உள்ள இருக்குற இரும்பு பின்னால போய் கோத வெளிய தள்ளி அடுத்தத ஏத்துது, அரைக் கிலோவுக்கு கிட்ட இரும்பு முன்னயும் பின்னயும் ஓடுது பாருங்க, அதனால நீங்க தோள்ல அமத்துற அழுத்தம், கன்னம் வச்ச எடம், பைபொட்ட முன்னால தள்ளுற தள்ளு ஒவ்வொரு தடவயும் ஒரே மாதிரி இல்லனா அடி மாறும். போல்ட் துவக்கு அந்தத் தப்ப கொஞ்சம் மன்னிக்கும், செமி மன்னிக்காது. சுட்ட பிறகு தட்டு ஸ்கோப்ப விட்டு ஓடிரும், எங்க பட்டுச்சுனு நாமளே பாக்கறதும் கஷ்டம். பழகினவன் 600ல 27 சென்டிமீட்டருக்குள்ள போடலாம், ஒரு அடித் தட்டுக்கு அது போதும்.

இப்ப கணக்குக்கு வருவோம். ஸ்கோப் டயல்ல இருக்குற அளவு மில், ஒரு மில்னா 100 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர். 100 யார்டுல செட் பண்ணின 6.5 கிரீட்மோருக்கு 600ல சுமார் 4 மில் மேல ஏத்தணும், அதாவது தோட்டா ரெண்டு மீட்டருக்கு மேல விழுது. அது பிரச்சினையே இல்ல, ஒரே எடத்துல சுட்டா விழுறது கிட்டத்தட்ட ஒரே அளவு, டயல திருப்பினா போச்சு. ஆனா மணிக்கு 10 மைல் குறுக்குக் காத்து அதே தூரத்துல கிட்டத்தட்ட அரை மீட்டர் தள்ளிரும். உங்களுக்கு ஒரு அடி தள்ளுச்சுனா 6 மைல் காத்து போதும், அது மூஞ்சில பட்டா தெரியும், மரத்துல எல அசையும், அவ்வளவுதான்.

துவக்கா காத்தானு பிரிச்சு பாக்க வழி இருக்கு. மச்சான 100 யார்டுல பேப்பர் ஒட்டச் சொல்லுங்க, இருவது தோட்டா, நடுவுல ஆற விடாம. குழாய் சூடாகி தான் அடி மாறுதுனா, 600ல ஒரு அடி விலகினது 100ல ரெண்டு இன்ச் எடப்பக்கம் விலகணும். விலகலனா துவக்கு மேல பழி போட முடியாது. எடப்பக்கம் மட்டும் போச்சு, மேல கீழ போகல பாருங்க, எனக்கு அப்பவே சந்தேகம்.

ஊவா கச்சான்:

தம்பிமார் கணக்கெல்லாம் போட்டாச்சு, நான் தோட்டத்துல வெளிக்கள உத்தியோகம் பாத்து பென்சன் எடுத்தவன், பண்டாரவளை. தியத்தலாவ கேம்ப் ரேஞ்சுல சுடுற சத்தம் கேட்டே பாதி ஆயுசு போயிருச்சு. கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல ஒரு நாள் பக்கத்துல நிக்கிற மாதிரி கேக்கும், மறுநாள் கேக்கவே கேக்காது.

லீக்ஸ்காரத் தம்பி, நீங்க தெனம் காலையில பாத்திக்கு போறவரு தானே? 7 மணிக்கு பள்ளத்துல பனி எப்படி படுத்துக் கெடக்கும், 10 மணிக்கு எங்க போகும்? ராவுல குளிர்ந்த காத்து சரிவுல கீழ எறங்கி பள்ளத்துல தேங்கும், வெயில் ஏறினா சரிவு சூடாகி அதே காத்து ஓடை வழியா மேல ஏறும். ஹப்புத்தளையில ரோட்டுல நின்னு பாத்தா காலடியில இருந்து முகில் எழும்பி மூஞ்சில அடிக்கும், பக்கத்துல இருக்குற சவுக்கு மரத்துல ஒரு எல அசையாது. உங்க மச்சான் தட்டுக்கிட்ட ரிப்பன் கட்டினாரு, சரி. நடுவுல என்ன இருக்கு? பள்ளமா, ஓடையா? நீங்க சொல்லல. 8 மணிக்கு பட்டது பத்தரைக்கு படலனா நான் துவக்க பாக்க மாட்டேன், நடுவுல இருக்குற பள்ளத்த தான் பாப்பேன்.

பன்னி விசயத்துக்கு ஒரு வார்த்தை. சட்டம் 1916ம் ஆண்டு சுடுகலன் கட்டளைச் சட்டம், பயிர்க் காவலுக்கு கச்சேரி வழியா குடுக்குறது 12 போர் ஷொட்கன் துவக்கு, அதையும் வருசா வருசம் புதுப்பிக்கணும். நீங்க கேக்குற சாமான் நம்மளுக்கு கெடைக்காது. கெடைச்சாலும் நான் வேணாம்னு தான் சொல்லுவேன். 12 போர் குண்டு கொஞ்ச தூரத்துல செத்துரும். அந்த ரைபிள் சன்னம் பின்னால மண்மேடு இல்லனா கிலோமீட்டர் கணக்குல போகும். கந்தப்பளையில எந்தப் பக்கம் துவக்க நீட்டினாலும் 600 யார்டுல தோட்டத்து ஆளுங்க குடியிருக்குற லயம் ஒன்னு இருக்கு, இல்லனா ரோடு, இல்லனா எதிர் மலையில கொழுந்து எடுக்குற பொம்பளைங்க. அதுவும் ராவுல, மூட்டத்துல. நெனச்சாலே வயித்தக் கலக்குது.

அந்தக் காலத்துல வெள்ளக்காரத் தொரைமாருக்குனே சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர்னு ஒரு படை இருந்திச்சு, 1900ல தொடங்கி தென்னாபிரிக்காவுல நடந்த போவர் யுத்தத்துக்கே போனாங்க. ரைபிள் தொரை கையில, கூடை நம்ம ஆள் முதுகுல. ஆயிரத்துக்கு மேல யானைய சுட்டதா சொல்ற மேஜர் ரொஜர்ஸ் 1845ல ஹப்புத்தளையில இடி விழுந்து செத்தான், நுவரெலியாவுல கல்லறை இருக்கு. அவனுக்கு மட்டும் மேல இருக்குறவன் குறி தப்பல. சரி, பேச்சு எங்கயோ போகுது.

பேர்ன் பெரியப்பா:

நான் பிறந்தது பதுளை, பிறகு வவுனியா, இப்ப சுவிஸில 30 வருசம், கதை கலந்து தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ. இஞ்ச ஊர் ஊருக்கு 300 மீட்டர் ரேஞ்ச் இருக்கு, ஞாயிறு காலையில மாட்டு மணிச் சத்தமும் வெடிச் சத்தமும் ஒண்டாக் கேக்கும். ஆனா இலங்கை பாஸ்போட் வச்சிருந்த காலத்தில என்னால ஒண்டும் செய்ய ஏலாது, சுவிஸ் சட்டத்தில சில நாட்டுப் பிரஜைகளுக்கு ஆயுதம் வாங்கவோ சுடவோ தடை, அந்த லிஸ்டில எங்கட நாடும் இருந்தது. பிரஜாவுரிமை எடுத்த பிறகு தான் கிளப்பில சேர்ந்தன்.

நான் சுடுறது ஆர்மிக்காரர் பாவிக்கிற ஸ்டுர்ம்கெவேர் 90, 5.6 மில்லிமீட்டர், தனிநபருக்கு செமி ஆட்டோவா மாத்தினது. ஸ்கோப் இல்லை, ஓட்டைக்குள்ளால பாக்கிறது தான். 10 பொயின்ற் வட்டம் 10 சென்டிமீட்டர். 70 வயசுக் கிழவர் ஒருத்தர் பக்கத்தில படுத்து வரிசையா பத்து பத்தா விழுத்துவார், துவக்கு என்ர மாதிரியே தான். அதனால மச்சானுக்கு சொல்லுங்கோ, விக்க வேண்டாம் எண்டு. 2019ல சட்டம் மாறின பிறகு பெரிய மகசீன் போட்ட செமிக்கு விசேச அனுமதி வேணும், தொடர்ந்து சுடுறன் எண்டு அஞ்சாம் வருசமும் பத்தாம் வருசமும் காட்டோணும், நானும் போய்க் காட்டினனான்.

ஊவா ஐயா சொன்னது சரி. எங்கட ரேஞ்சும் ஆத்துக்கு குறுக்கால, காலையில ஒரு செட்டிங், பதினொரு மணிக்கு வேற.

ஹட்டன் மூனாம் நம்பர்:

சும்மா நக்கலடிச்சேன் அண்ணே, கோவிக்காதீங்க. உண்மையிலயே சுடணும்னு ஆசைனா ஏர் ரைபிள் விளையாட்டு இருக்கே, டோக்கியோ ஒலிம்பிக்ல தெஹானி எகொடவெல நம்ம நாட்டுக்கு நின்னது 10 மீட்டர் ஏர் ரைபிள்ல தான். 10 மீட்டர் தானேனு நெனைக்காதீங்க, நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். பேனா முனையால வச்ச புள்ளி. அதுக்கு மலையும் வேணாம் மண்மேடும் வேணாம், ஒரு மண்டபம் போதும்.

ஹூஸ்டன்_வாசி:

ஊவா ஐயாவுக்கு ஒரு கும்பிடு, நான் கணக்கு போட்டேன், பள்ளத்த கேக்க மறந்துட்டேன். தட்டுக்கிட்ட இருக்குற ரிப்பன விட சுடுறவனுக்கு கிட்டயும் நடுவுலயும் இருக்குற காத்து தான் அதிகமா இழுக்கும், ஆரம்பத்துல கொஞ்சம் திரும்பினாலும் அந்த கோணத்துலயே மிச்ச தூரம் பூரா போகும்ல. இன்னொன்னு, அதே துவக்க நுவரெலியாவுக்கு கொண்டு வந்தா, 1868 மீட்டர் ஒசரத்துல காத்து கடல் மட்டத்த விட ஆறுல ஒரு பங்கு லேசு, அதே டயல்ல கொஞ்சம் மேல படும். மேல இருந்து 30 பாகை சரிவுல கீழ சுட்டா 600 யார்டுக்கு 520 யார்ட் கணக்கு தான் ஏத்தணும். நம்ம மலையில கணக்கு போட எவ்வளவோ இருக்கு, சுட தான் எடமில்ல.

கந்தப்பளை லீக்ஸ்காரன்:

லேட்டுக்கு மன்னிக்கணும், லீக்ஸ் லோடு ஏத்துற வாரம்.

மச்சான்கிட்ட எல்லாத்தையும் வாசிச்சு காட்டினேன். மொதல்ல "காட்டுல இருந்துக்கிட்டு எனக்கு சொல்லித் தாரீங்களா"னு குதிச்சான். ஞாயித்துக்கெழம போய் 100 யார்டுல இருவது சுட்டு போட்டோ அனுப்பியிருக்கான், இருவதும் ஒரு நெருப்புப்பெட்டி அகலத்துக்குள்ள, எடப்பக்கமும் போகல வலப்பக்கமும் போகல. தட்டுக்கும் படுக்கிற எடத்துக்கும் நடுவுல ஓடை இருக்கானு கேட்டேன், தண்ணி இல்லாத காஞ்ச ஓடை ஒன்னு குறுக்கால போகுதாம், தண்ணி இல்லாததால அத அவன் ஓடைனே நெனைக்கல. அந்த ஓடை ஓரத்துல ஒரு மரத்துல சாக்குத் துணிய கிழிச்சு கட்டச் சொன்னேன், நம்ம பாத்தியில குருவிக்கு கட்டுற மாதிரி. காலையில 8க்கு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. 10 மணிக்கு வீடியோ கோல் எடுத்தான், தட்டுக்கிட்ட ரிப்பன் சும்மா நிக்குது, சாக்கு எடப்பக்கமா படபடனு அடிக்குது. அர மில் வலப்பக்கம் புடிச்சு சுட்டான், டிங். போன்லயே கேட்டுச்சு.

துவக்க விக்கலயாம். ஆனா போல்ட் துவக்குக்கு போன கெழமயே அட்வான்ஸ் கட்டிட்டான், திருப்பித் தர மாட்டாங்களாம்.

ஹட்டன் மூனாம் நம்பர்:

அந்தக் காசுக்கு உங்க பாத்தி சுத்தி கம்பி வேலியே அடிச்சிருக்கலாம்.