பூங்கா நிலத்தில் குடியிருப்பு: ஆட்சேபணை மனு எழுத உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். சென்னைப் புறநகரில் உள்ள எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டு, இன்று இரண்டு வேப்பமரங்களும் துருப்பிடித்த ஒரு சறுக்கு மரமும் மட்டுமே மிஞ்சியிருக்கும் திறந்தவெளி நிலத்தில், கால்வாயோரக் குடும்பங்களுக்கு அடுக்குமாடி வீடுகள் கட்டும் யோசனை முன்வைக்கப்பட்டுள்ளது. அவர்களுக்கு வீடு வேண்டாம் என்று சொல்ல எங்களில் யாருக்கும் மனமில்லை. ஆனால் ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் முழுவதும் வடிவது இந்தப் பள்ளத்தில்தான்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலைகள் நீங்கலாக 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாகத் தானப்பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும் என்பதை அறிவேன். பெங்களூரில் பூங்கா நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியது செல்லாது என உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்ததையும் படித்தேன். ஆனால் அங்கே பயனாளி தனியார். இங்கே ஏழைக் குடும்பங்கள். அந்தத் தீர்ப்பு எங்களுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும்?

எங்கள் மனைப்பிரிவு 1990-களில் ஒப்புதல் பெற்றது. அதன் ஒப்புதல் வரைபடமும் தானப்பத்திர நகலும் எந்த அலுவலகத்தில் கிடைக்கும், வில்லங்கச் சான்றில் அந்தப் பதிவு தெரியுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். அருகிலுள்ள அரசுப் புறம்போக்கு நிலத்தை மாற்றிடமாகக் காட்டி மனு எழுதியவர்கள் இருந்தால், அதன் மாதிரியைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.