கலைச்சொல்: ‘கிளாசிஃபயர்’ – ஹ்மாங்–மலையாளம் ஒப்பீட்டுக்கு ஒரு சொல் தேவை

வணக்கம்.

தென்சீனாவிலும் லாவோஸிலும் பேசப்படும் ஹ்மாங் மொழியையும் மலையாளத்தையும் ஒப்பிட்டு எழுதும் கட்டுரை ஒரே ஒரு சொல்லால் நிற்கிறது. பெயர்ச்சொல்லோடு சேர்ந்து வந்து பொருளின் வடிவம் போன்றவற்றைக் காட்டும் கூறை மொழியியலில் ‘கிளாசிஃபயர்’ என்கிறார்களே, அதற்கான தமிழ்ச்சொல்தான். சென்ற மடலில் ஐயா ‘வகைப்படுத்தி’ போதும் என்றீர்கள். அக்கா ‘இனச்சுட்டு’ என்று எழுதியிருந்தார்கள். இரண்டையும் வைத்து எழுதிப் பார்த்தேன். கட்டுரை சரியாக வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஹ்மாங்கில் ‘இரண்டு வீடு’ என்று நேராகச் சொல்ல முடியாது. ‘ஓ லு ட்சே’ என்பார்கள். ஓ என்றால் இரண்டு, ட்சே என்றால் வீடு. நடுவில் வரும் ‘லு’தான் நம் பிரச்சினை. உருண்டு திரண்ட பொருள்களுக்கும், இன்னும் பலவற்றுக்கும் அது வரும். நாய்க்கும் மனிதருக்கும் ‘து’. தட்டையான தாளுக்கு ‘டாய்’. நீளமான சாலைக்கு ‘ட்சோ’. (ரோமன் எழுத்தில் ‘லு’வின் கடைசியில் ஒரு ‘பி’ இருக்கும். அதை ஒலிக்கக் கூடாது. குரலை உயர்த்திச் சொல் என்பதற்கான குறி அது. 1950களில் லாவோஸில் அமைத்த எழுத்துமுறை. நம் எழுத்தில் அந்தக் குரல் ஏற்ற இறக்கத்தைக் காட்ட வழியில்லை என்பதால் விட்டுவிட்டேன்.)

இப்போது ‘வகைப்படுத்தி’க்கு வருவோம். பெயர்ச்சொற்களை வகை பிரித்து, இந்த வகைக்கு இந்தச் சொல் என்று ஒட்டுவதாக அது எண்ண வைக்கிறது. ஆனால் ‘ந்தௌ’ என்ற ஒரே பெயரைப் பாருங்கள். ‘டாய் ந்தௌ’ என்றால் ஒரு தாள். ‘பௌ ந்தௌ’ என்றால் புத்தகம். ‘ட்சா ந்தௌ’ என்றால் ஒருவர் எழுதிய கடிதம். பெயர் மாறவில்லை. அது எந்த வகை என்று யாரும் தீர்மானிக்கவும் இல்லை. முன்னால் வரும் சொல்தான் அதைத் தாளாக, நூலாக, மடலாக ஆக்குகிறது. இங்கே நடப்பது வகைப்படுத்தல் இல்லை, உருக்கொடுத்தல். அப்புறம், கணினிக்காரர்கள் மின்னஞ்சலைக் குப்பையா நல்லதா என்று பிரிக்கும் நிரலுக்கு ‘வகைப்படுத்தி’ என்று ஏற்கெனவே எழுதிவருகிறார்கள். அங்கே அது மிகச் சரியான சொல். அதை அவர்களிடமே விட்டுவிடலாம்.

‘இனச்சுட்டு’ அழகான சொல், ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. ‘இனச்சுட்டு இல்லாப் பண்புகொள் பெயர்க்கொடை’ என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் சொல்வது, ஓர் அடைமொழி தன் இனத்திலுள்ள மற்றொன்றை விலக்கிக் காட்டுவதைப் பற்றி. செஞ்ஞாயிறு என்றால் கருஞாயிறு என்று இன்னொன்று இல்லை, அதனால் அங்கே இனச்சுட்டு இல்லை. அந்தப் பொருளை நாமே குழப்பிவிடக் கூடாது. ‘திணை’யும் இதே காரணத்தால் ஆகாது. திணையும் பாலும் நமக்கு வினைமுற்றில் தெரிகின்றன. மலையாளம் அதையும் உதறிவிட்டது. ஞான் வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு எல்லாம் ஒன்றே. ஹ்மாங் வினையும் ஆளுக்கேற்ப மாறாது. இரண்டும் இந்த இடத்தில் ஒன்றுபோலத் தெரிவதுதான் என் கட்டுரையின் தொடக்கமே.

மலையாளத்தில் இதற்கு இணை உண்டா என்றால், பாதி உண்டு. ஆள்களுக்கு ‘மூன்னு பேர்’, மற்றவற்றுக்கு ‘மூன்னெண்ணம்’. நம் குமரி மாவட்டத்திலும் ‘ரெண்டெண்ணம் தா’ என்பார்கள். ஆனால் இவை பெயர் இல்லாத இடத்தில் பெயருக்குப் பதிலாக நிற்பவை. ‘மூன்னு புஸ்தகம்’ என்னும்போது நடுவில் எதுவும் வேண்டாம். நாம் சொல்லும் ஒரு தார் வாழை, ஒரு ஈடு இட்லி, ஒரு முழம் பூ எல்லாம் அளவு சொல்பவை, அதனால் சற்றே நெருக்கம். இவற்றையும் ஹ்மாங்கின் ‘லு’வையும் ஒரே குடும்பத்தில் வைக்கிற சொல் நமக்கு வேண்டும்.

நாம் வைக்கும் கலைச்சொல்லுக்குள் ‘எண்’ என்ற பகுதியும் வரக் கூடாது. ‘கு லு ட்சே’ என்றால் என் வீடு. எண்ணே இல்லை, ‘லு’ மட்டும் உட்கார்ந்திருக்கிறது. வெறும் ‘லு ட்சே’ என்றால் நாம் பேசிக்கொண்டிருந்த அந்த வீடு.

என் பரிந்துரை: பெயர்த்துணை. வினைக்குத் துணைவினை இருப்பதுபோல, பெயரோடு நின்று அதற்கு உருக்கொடுப்பது. கிளையாக விரிக்கவும் வரும்: ‘லு’, ‘டாய்’ வடிவத்துணை, தார், ஈடு, முழம் அளவைத்துணை.

—

மறுமொழி:

தம்பி, ‘வகைப்படுத்தி’யைக் கைவிடுகிறேன். ‘ந்தௌ’ எடுத்துக்காட்டுக்குப் பிறகு அதைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. ஒரே ஐயம். ‘துணை’ மிகப் பொதுவாக இருக்கிறதே? ‘பெயர்க்கிளவி’, ‘உருச்சொல்’ என்று ஏதாவது வைத்தால் அது ஒரு சொல் என்பதாவது தெரியும். உருச்சொல் எனக்குப் பிடித்திருக்கிறது.

—

மறுமொழி:

ஐயா, அது ‘சொல்’ என்று தெரியக் கூடாது என்பதற்காகவே அதைத் தவிர்த்தேன். வங்காளத்தைப் பாருங்கள். ‘ஏக்டா போய்’ என்றால் ஒரு புத்தகம். ‘போய்டா’ என்றால் அந்தப் புத்தகம். ‘டா’ அங்கே தனிச்சொல் இல்லை, எண்ணிலோ பெயரிலோ ஒட்டிக்கொள்ளும் விகுதி. வேலையோ ஹ்மாங்கின் ‘லு’ செய்யும் அதே வேலை. இந்தியாவை ஒரே மொழிப்பரப்பாகப் பார்க்க வேண்டும் என்று மொழியியலாளர் எமனோ 1956இல் எழுதியபோது இந்தக் கூறையும் சான்றாக எடுத்துக்கொண்டார். திராவிட மொழியான மால்தோவும் அதில் உண்டு. நாளை யாராவது வங்காளத்தைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘உருச்சொல்’ என்று வைத்துக்கொண்டு விகுதியை விளக்க முடியாது. ‘உருச்சொல்’லுக்கு அருகிலேயே வேற்றுமை உருபும் நிற்கிறது, மாணவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள்.

பொதுவாக இருப்பது உண்மைதான். துணைவினையும் அப்படித்தான் பொதுவான சொல். கட்டுரையில் முதல் முறை வரும் இடத்தில் ‘ஓ லு ட்சே’வைக் காட்டி விளக்கிவிடுகிறேன். அக்காவும் சரி என்றால் நாளை இரவு பெயர்த்துணையை நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.