நீட்டடித்தலா, வடித்தலா: திறந்த அச்சுக் கொல்லுவேலைக்குச் சொற்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். வரும் சனிக்கிழமை மொரீஷியசில் எங்கள் ரோஸ் ஹில் மாலை வகுப்புப் பிள்ளைகளை ஒரு கொல்லன் பட்டறைக்கு அழைத்துச் செல்கிறேன். காய்ந்த இரும்பை மூடிய அச்சுக்குள் அடைக்காமல் அடித்து உருவாக்கும் திறந்த அச்சுக் கொல்லுவேலையை அங்கே காண்பார்கள். அதற்குள் இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பு அச்சாக வேண்டும். அங்கே அவர்கள் கேட்கப்போவது ‘எத்திராழ்’, ‘ரெஃபூல்மான்’ என்னும் பிரெஞ்சுச் சொற்களை.

முதலாவது, செக்கச்செவேலென்று காய்ந்த கம்பியைப் பக்கவாட்டில் அடித்து, அடிக்கொரு முறை கால்வட்டம் திருப்பி, மெலியவும் நீளவும் செய்வது. 20 மி.மீ. சதுரக் கம்பியில் 100 மி.மீ. நீளத்தை 10 மி.மீ. சதுரமாக அடித்தால் அது 400 மி.மீ. ஆகும், சூட்டில் மேலே படிந்து உதிரும் செதிலை விட்டுவிட்டால் கனஅளவு மாறாது. இரண்டாவது, முனையில் அடித்து நீளத்தைக் குறைத்துப் பருக்க வைப்பது. விட்டத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்குக்கு மேல் தாங்கலின்றி நின்றால் கம்பி பருக்காமல் வளைந்துவிடும். ‘அப்செட்டிங்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பார்த்து இதைக் ‘கவிழ்த்தல்’ என்பது பொருந்தாது. எதுவும் அங்கே கவிழ்வதில்லை. ‘நீட்டடித்தல்’, ‘குறுக்கடித்தல்’ என்று வைக்கலாமா? துளையிடல் என்னும் சொல்லில் சிக்கல் இல்லை.

*

அன்புள்ள தம்பி,

“வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே” என்று பொன்முடியார் புறநானூற்றில் (312) சொல்லியிருக்க, ‘நீட்டடித்தல்’ என்னும் புதுச்சொல் எதற்கு? ‘வடித்தல்’ போதுமே. வடித்துப் பெறுவதே வடிவு, அதுவே வடிவம் என்பது என் துணிபு. ‘குறுக்கடித்தல்’ ஆகவே ஆகாது. அது குறுக்கே அடித்தல் என்றே காதில் விழும். கம்பியைக் குறுக்கே அடிப்பதோ நீட்டும் வேலை. ‘திரட்டல்’ என்று வையுங்கள். திரண்ட தோள் என்கிறோமே, அந்தத் திரட்சிதான் முனையில் உண்டாகிறது.

*

ஐயா,

குறுக்கடித்தலின் பிழையை நான் கவனிக்கவில்லை. திரட்டலை மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். இணையத்தில் செய்தி திரட்டுவதோடு இது குழம்பாது. ஆனால் வடித்தலுக்கு மனம் இசையவில்லை. புறநானூற்று வடித்தல், வேலாயுதத்தை உருவாக்கித் தருகிற பணி முழுவதையும் தழுவுகிறது. எனக்கு வேண்டியதோ அதிலுள்ள ஒரு செயலுக்குப் பெயர். மேலும், வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகளுக்குத் தெரிந்தது சோறு வடிப்பது ஒன்றே. ஆகவே நீட்டடித்தல் என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன்.

*

தம்பி,

கொடுங்கள், தடுக்கவில்லை. ஆயினும் என் கருத்து மாறவில்லை: சோறு வடிப்பதை அறிந்த பிள்ளைக்கு வேல் வடிப்பதையும் சொல்லித்தர உங்களுக்கு ஐந்து நிமிடம் போதும். அடைப்புக்குறிக்குள்ளாவது வடித்தல் இருக்கட்டும்.