மிளகாய், கத்தரி, வெண்டிக் கன்றுகளை வெளியே நடுவது எப்போது? (ஸ்காபரோ, ரொறன்ரோ, கனடா)

பனங்கூடல்:
வணக்கம். ஸ்காபரோவுக்குக் குடிவந்து இது இரண்டாவது வருடம். யாழ்ப்பாணத்தில் அம்மாவின் தோட்டத்துக்குள் வளர்ந்தவள் நான். போன வருடம் மே 6ஆம் திகதி வெயில் நன்றாக எறித்தது என்று 12 மிளகாய்க் கன்றும் 6 கத்தரிக் கன்றும் நட்டேன். மூன்றாம் நாள் விடியப் பார்த்தால், கொதிநீரில் போட்டெடுத்த கீரைபோல இலைகள் துவண்டு கிடந்தன. மத்தியானத்துக்குள் தண்டுவரை கறுத்துவிட்டது. ரொறன்ரோவில் கடைசி உறைபனி மே தொடக்கத்தோடு முடிந்துவிடும் என்று படித்துத்தான் நட்டேன். இந்த முறை எந்தத் திகதியை நம்புவது?

கொல்லைப்புறம்:
தங்கச்சி, வாசிக்கவே நெஞ்சு நோகிறது. நீங்கள் படித்தது சராசரித் திகதி. சராசரி என்றால், ஏறக்குறைய பாதி வருடங்களில் அதற்குப் பிறகும் உறைபனி விழும் என்றுதான் பொருள்.

இங்கே 22 வருடமாகத் தோட்டம் செய்கிறேன். விக்டோரியா தினத்துக்கு முன் மிளகாய், கத்தரி, தக்காளி எதையும் நிலத்தில் வைப்பதில்லை. மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை அது. 18க்கும் 24க்கும் இடையில் வரும். அன்றும் வானிலையைப் பார்த்துவிட்டே மண்ணைக் கிளறுங்கள். பகல் சூட்டை விடுங்கள், இரவுக் குளிரைப் பாருங்கள். இரவில் 10 பாகைக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தால் மிளகாய் சாகாது, ஆனால் வளர்ச்சி நின்றுவிடும். ஒருமுறை மே 20இல் பாதியும் ஜூன் 3இல் பாதியும் நட்டேன். பிந்தி நட்டதுதான் முதலில் பூத்தது!

வெண்டிக்கு மண்ணும் சுட வேண்டும். அதன் ஆணிவேரைக் குழப்பினால் கோபித்துக்கொள்ளும். கடதாசிக் கோப்பையில் முளைக்க வைத்து, கோப்பையோடு இறக்குங்கள். வீட்டுக்குள் வளர்ந்த கன்றுகளை நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வெளியே பழக்க வேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம் போதும்.

கை சும்மா இருக்க மாட்டேன் என்றால் பட்டாணி, வெங்காயம், பீட்ரூட் போடுங்கள். ஏப்ரல் கடைசியிலேயே போடலாம். சிறு பனியைத் தாங்கும்.

மார்க்கம்வாசி:
அண்ணர் சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: ஒன்ராறியோ ஏரிக்கரையோரம் இருப்பவர்களுக்குப் பனி முந்தியே விலகிவிடும். எங்கள் மார்க்கம் பக்கம் வடக்கே தள்ளி இருப்பதால் ஒரு வாரமாவது பிந்தித்தான் நடுவேன். வானம் தெளிந்து காற்று அசையாத இரவுக்குத்தான் நான் பயம். வானிலையில் 3 பாகை என்று போட்டிருந்தாலும் புல்மட்டத்தில் உறைந்துவிடும். அப்படியான இரவில் பழைய படுக்கை விரிப்பால் மூடுங்கள். துணியின் ஓரம் நிலத்தைத் தொட வேண்டும், மண்ணின் சூடு உள்ளே நிற்கும். பிளாஸ்டிக் தாள் வேண்டாம். அது பட்ட இலை கருகும்.

பனங்கூடல்:
இருவருக்கும் மிக்க நன்றி. எங்கள் வளவு பின்பக்கம் வேலியை நோக்கிச் சரிகிறது. கன்றுகளை அந்தத் தாழ்வில்தான் நட்டிருந்தேன். அதுவும் ஒரு காரணமா?

கொல்லைப்புறம்:
நிச்சயமாக. குளிர்காற்று தண்ணீர்போலச் சரிவில் இறங்கி வேலியடியில் தேங்கும். அந்த இடத்தைப் பட்டாணிக்கு விடுங்கள். மிளகாயை வீட்டின் தெற்குச் சுவரோரம் வையுங்கள். பகலில் செங்கல் வாங்கிய சூடு இரவில் கன்றுக்குக் கிடைக்கும்.

மிளகாய், கத்தரி விதைகளை மார்ச் முதல் வாரமே வீட்டுக்குள் போட்டுவிடுங்கள். வெண்டியும் பாகலும் ஏப்ரல் கடைசியில் போட்டால் போதும். பாகல் விதையின் மேலோட்டை நகவெட்டியால் மெல்லக் கிள்ளி, ஓர் இரவு ஊறப்போடுங்கள். என்னிடம் போன வருடத்துக் குருவிப்பாகல் விதை இரண்டு கைப்பிடி இருக்கிறது. வேண்டுமென்றால் தனிமடல் போடுங்கள்.