சீ காட்டேஜ் ஜெயித்தது பாதி ஜூலையா, முழு ஜூலையா?

பீனிக்ஸ் பாலா:
சனிக்கிழமை ஒரு கல்யாண வீட்டில் பெரியவர் ஒருவர் பாயசத்தைக் குடித்துக்கொண்டே ஒரு போடு போட்டார். தென்னாப்பிரிக்காவின் டர்பன் ஜூலை குதிரைப் பந்தயத்தில் ஓடியதிலேயே சீ காட்டேஜ் ஒன்றுதான் குதிரையாம், மற்றதெல்லாம் வண்டி இழுக்கத்தான் லாயக்காம். எரிச்சலாக இருந்தது. 1967இல் அது ஜாலிஃபை என்ற குதிரையோடு சேர்ந்துதான் கோட்டைத் தாண்டியது. டெட் ஹீட். அப்படியென்றால் அது ஜெயித்தது பாதி ஜூலை. 1999, 2000 என்று இரண்டு வருடம் முழுசாக ஜெயித்த எல் பிச்சா எங்கே, இது எங்கே?

மெர்பேங்க் மாமா:
அந்தப் பெரியவர் நான்தான் தம்பி. எதிரே உட்கார்ந்து "ஆமாம் மாமா, ஆமாம் மாமா" என்று தலையாட்டினாய். வீட்டுக்குப் போனதும் வீரம் வந்துவிட்டது.

பாதியாம். 1966 ஜூன் 10, விடிகாலை. ப்ளூ லகூன் பக்கம் பயிற்சி முடித்துத் திரும்பிய குதிரையைத் துப்பாக்கியால் சுட்டான் ஒருவன். எல்லாரும் பணம் கட்டியிருந்த குதிரை, ஜெயித்தால் யாருக்கு நஷ்டம் என்று நீயே யோசித்துக்கொள். பின்தொடையில் குண்டு. வேறு குதிரையாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இது மூன்று வாரம் கழித்து கிரேவில் மைதானத்தில் ஜூலை ஓடி நாலாவதாக வந்தது. ஜெயித்தது ஜாவா ஹெட். சரி, அந்தப் பெயர் இன்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அடுத்த வருடம் அதே மைதானத்துக்குத் திரும்பி வந்து ஜெயித்தது. உன் எல் பிச்சாவை யாராவது சுட்டார்களா?

பீனிக்ஸ் பாலா:
சுடவில்லை மாமா. சுடாததால் அது மட்டமான குதிரையா? குண்டு பட்டதற்கு அனுதாபப்படலாம், பரிசு கொடுக்க முடியாது. பாதி பாதிதான். ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌவில் பாதி வாங்கித் தின்றுவிட்டு முழு ரொட்டியும் நான்தான் தின்றேன் என்று சொல்வீர்களா?

ஸ்காட்ஸ்வில் செல்வி:
ஒரு நிமிடம். முதலில் எதை வைத்துப் பெரிய குதிரை என்கிறோம்? ஜூலை ஒரு ஹாண்டிகாப் பந்தயம். நல்ல குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை. சேர்ந்து வந்த இரண்டும் ஒரே எடை சுமந்ததாக நினைத்துக்கொண்டு பேசக் கூடாது. அப்புறம், டெட் ஹீட் என்றால் விதிப்படி இரண்டுமே ஜெயித்த குதிரைதான். பாதி என்று ஒரு கணக்கே கிடையாது.

பீனிக்ஸ் பாலா:
பன்னி சௌவுக்குப் பதில் வரவில்லை.

மெர்பேங்க் மாமா:
பன்னி சௌ ஓடாது தம்பி.

கிளேர்வுட் பையன்:
பாலா சொல்வதுதான் சரி. என் தாத்தா 1967இல் சீ காட்டேஜ் மேல் பணம் கட்டியிருந்தார். கடைசியில் பந்தயப் பணம் வாங்கிய புக்கி பாதிப் பணத்தைத்தான் எண்ணிக் கொடுத்தான். டெட் ஹீட் என்றால் கட்டிய பணத்தில் பாதிக்குத்தான் கணக்கு. சாகும்வரை அந்தப் புக்கியைத் திட்டிக்கொண்டே இருந்தார். புக்கிக்கே பாதி என்றால் பாதிதானே?

மெர்பேங்க் மாமா:
உன் தாத்தாவை எனக்குத் தெரியும். நல்ல மனிதர். ஆனால் ஜெயித்த குதிரை எதுவானாலும் அதன் மேல்தான் கட்டியிருந்ததாகச் சொல்வார், ஞாபகம் இருக்கட்டும். புக்கி பணத்தைக் குறைக்கலாம், குதிரையைக் குறைக்க முடியுமா? பந்தயப் பதிவில் 1967க்கு எதிரே சீ காட்டேஜ் என்றுதான் இருக்கிறது, அரை காட்டேஜ் என்று இல்லை.

பீனிக்ஸ் பாலா:
பக்கத்தில் ஜாலிஃபை என்றும் இருக்கிறதே மாமா. கண்ணாடி போட்டுப் பாருங்கள்.

மெர்பேங்க் மாமா:
கண்ணாடி இல்லாத வயதில் நேரில் பார்த்தவன் நான். எனக்குப் பத்து வயது, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போனேன். இந்தியர்களான நம்மவர்களுக்குத் தனி வாசல், தனி அடைப்பு இருந்த நிறவெறிக் காலம். உள்ளே போகப் பணம் போதவில்லை, வேலிக்கு வெளியே நின்றோம். சீ காட்டேஜ் எப்போதும் பின்னால் பதுங்கி வந்து கடைசியில் பாயும். ஜாக்கி சைவ்ரைட் அவசரப்படவே இல்லை. நேர் பாதையில் அது வந்த வேகத்துக்கு இன்னும் நாலு அடி இருந்திருந்தால் ஜாலிஃபை பின்னால் போயிருக்கும்.

கிளேர்வுட் பையன்:
நாலு அடி இல்லையே. அதனால்தான் பாதி. கிரேவிலுக்கு நடுவில் கோல்ஃப் மைதானமே இருக்கிறது. வேலிக்கு வெளியே நின்ற பத்து வயதுப் பையனுக்குக் கோடு தெரிந்ததாம். என் தாத்தா பொய்யர், இவர் மட்டும் சத்தியவான்.

மெர்பேங்க் மாமா:
பொய்யர் என்று நான் சொல்லவில்லை. ஞாபகமறதி என்றேன்.

கிளேர்வுட் பையன்:
அப்படியும் சொல்லவில்லை. மேலே போய்ப் படியுங்கள்.

ஸ்காட்ஸ்வில் செல்வி:
எடையைப் பற்றி யாருமே பேச மாட்டீர்களா?

மெர்பேங்க் மாமா:
செல்வி, நீ இரு. பாலா, உன்னிடம் ஒரே கேள்வி. உன் காரின் பின் கண்ணாடியில் எந்தக் குதிரையின் படம் ஒட்டியிருக்கிறது? நானே சொல்கிறேன். பாக்கெட் பவர். அது ஜூலை ஜெயித்தது 2008இல். எப்படி? டான்சர்ஸ் டாட்டரோடு டெட் ஹீட்! அதுவும் பாதிதானே? படத்தையும் பாதியாகக் கிழித்துவிடு.

பீனிக்ஸ் பாலா:
அது வேறு. பாக்கெட் பவர் கேப் டவுனில் மெட் பந்தயத்தை 2007, 2008, 2009 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்தது. அதற்கு ஜூலை தேவையே இல்லை.

மெர்பேங்க் மாமா:
சீ காட்டேஜ் 24 தடவை ஓடி 20 தடவை ஜெயித்தது. அதற்கு மட்டும் தேவையா? உனக்குப் பிடித்த குதிரை என்றால் "அது வேறு". எனக்குப் பிடித்த குதிரை என்றால் "பாதி". நல்ல நியாயம்.

பீனிக்ஸ் பாலா:
எத்தனை தடவை கேட்டாலும் பாதிதான்.

டோங்காட் அக்கா:
ஹார்ஸ் செஸ்ட்நட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே? 1999இல் ட்ரிப்பிள் கிரவுன் என்ற மூன்று பெரிய பந்தயங்களையும் அள்ளிய குதிரை.

மெர்பேங்க் மாமா:
நல்ல குதிரைதான் அக்கா. ஆனால் ஜூலை ஜெயித்ததா?

டோங்காட் அக்கா:
ஜூலை ஜெயித்தால்தான் குதிரையா? அப்படியானால் 2014இல் வைலி ஹால் முதலில் வந்தும், புகார் மேல் ஜூலையை லெஜிஸ்லேட்டுக்குக் கொடுத்தார்களே. வைலி ஹால் குதிரை இல்லையா?

கிளேர்வுட் பையன்:
அந்தத் தீர்ப்பு சரியான தீர்ப்பு.

டோங்காட் அக்கா:
உங்கள் பணம் லெஜிஸ்லேட் மேல் இருந்திருக்கும்.

கிளேர்வுட் பையன்:
இருந்தது. அதற்கென்ன?

பீனிக்ஸ் பாலா:
பேச்சை மாற்ற வேண்டாம். மாமா, பாதி என்று ஒத்துக்கொள்ளுங்கள், விட்டுவிடுகிறேன்.

மெர்பேங்க் மாமா:
நீ விட வேண்டாம். போன ஜூலைக்கு நாம் இருவரும் சேர்ந்து எடுத்த டிக்கெட்டில் உன் பங்கு 100 ரேண்ட். கொடுத்தது 50. அது எங்கே?

பீனிக்ஸ் பாலா:
அதுதான் கொடுத்துவிட்டேனே!

மெர்பேங்க் மாமா:
பாதி கொடுத்தால் கொடுத்ததாகுமா?

ஸ்காட்ஸ்வில் செல்வி:
மாமா, இப்போது நீங்களே...

மெர்பேங்க் மாமா:
அது வேறு செல்வி. அது பணம்.

கிளேர்வுட் பையன்:
என் தாத்தாவுக்கு வந்ததும் பணம்தான். அவரைப் பற்றி எழுதியதற்கு இன்னும் மன்னிப்பு வரவில்லை.