மறு: ஸ்மீட்டனை என்னவென்று எழுதுவது?

வணக்கம். தொழிற்புரட்சி பற்றிய பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஜான் ஸ்மீட்டன் தன்னை 'சிவில் இன்ஜினியர்' என்று சொல்லிக்கொண்ட இடத்தில் சிக்கி நிற்கிறேன். அதுவரை இன்ஜினியர் என்றால் கோட்டையும் பீரங்கியும் பார்க்கும் படையாள். 'நான் படையைச் சேர்ந்தவன் அல்லன்' என்பதே அந்த 'சிவில்'. 'கட்டடப் பொறியாளர்' என்று போட்டால் 1759இல் முடித்த எடிஸ்டன் கலங்கரை விளக்கம் மட்டும் மிஞ்சும். நீர்ச்சக்கரத்தையும் நீராவி இயந்திரத்தையும் சோதித்துச் சோதித்துச் சீராக்கிய ஆள் காணாமல் போய்விடுவார்.

---

தம்பி, இலங்கையில் 'குடிசார் பொறியியல்' எப்போதோ பழகிவிட்டது. அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

---

> குடிசார்

ஐயா, வகுப்பில் 'குடி' என்றதும் பிள்ளைகளுக்குச் சாராயம்தான் நினைவுக்கு வருகிறது. 'குடிமைப் பொறியாளர்' ஆகாதா?

---

ஆகாது அம்மா. குறளில் 96ஆம் அதிகாரம் 'குடிமை'. அங்கே அது உயர்குடிப் பிறப்பு. இந்தத் தொழிலை உருவாக்கியவர்களோ கைவினைஞர்கள். கால்வாய் வெட்டிய பிரிண்ட்லி முதலில் ஆலைகளுக்குச் சக்கரமும் அதன் பல்லும் செய்தவர். சாலையும் பாலமும் அமைத்த டெல்ஃபோர்டு இடையர் மகன், கல்தச்சர். 1818இல் தொடங்கிய பொறியாளர் கழகத்துக்கு 1820இல் முதல் தலைவரானார்.

'பொறி'யையும் கவனியுங்கள். சிலம்பின் அடைக்கலக் காதையில் மதுரை மதிலில் 'வளைவிற் பொறி' இருக்கிறது, தானே வளைந்து எய்யும் போர்க்கருவி. ஆங்கிலத்தில் இன்ஜின் நடந்த வழியிலேயே, படையிலிருந்து ஆலைக்கு, நம் பொறியும் நடந்திருக்கிறது. அதனால் 'பொறியாளர்' அப்படியே இருக்கட்டும். முன்னால் 'படைசாரா' சேருங்கள்.

---

எதிர்மறையை வைத்து ஒரு தொழிலுக்குப் பெயரா? 1771இல் லண்டனில் ஸ்மீட்டனோடு பொறியாளர் சங்கம் கூடியவர்கள் கால்வாய், துறைமுகம், பாலம் என்று செய்த வேலையால் அறியப்பட்டவர்கள். என் ஓட்டு 'சிவில் இன்ஜினியர்' என்பதற்கே. தெருவில் கேட்டால் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.

---

எல்லாருக்கும் நன்றி. இலங்கையில் பழகிய சொல் என்பதால் 'குடிசார் பொறியாளர்' என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'படையைச் சாராத' என்று ஒரு விளக்கம் வரும். பிரிண்ட்லிக்கு 'ஆலைத்தச்சர்'. இதற்கு மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

---

நான் சொல்கிறேன். ஆலை என்றால் எங்கள் ஊரில் கரும்பாலை. அவர் செய்தது மாவரைக்கும் ஆலை. 'எந்திரத் தச்சர்' என்று மாற்றுங்கள். 'படைசாரா'வையும் நான் இன்னும் விடவில்லை.