அமெரிக்க அரசு அலுவலக இதழில் கட்டண விளம்பரம் போட முடியுமா?

காகிதக்கப்பல் கேட்டது:
அமெரிக்க மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் காலாண்டிதழுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறோம். இந்த முறை அச்சுச் செலவுக்கு ஒதுக்கிய பணம் பத்தாது. பின்னட்டையைத் தனியார் நிறுவன விளம்பரத்துக்குக் கொடுத்து, தொகையை நேராக அச்சகத்துக்கே கட்டச் சொல்லலாமா? ராணுவத் தளப் பத்திரிகைகளில் கார் விற்பனை, பீட்சா கடை விளம்பரமெல்லாம் வருகிறதே, அது எப்படி?

ஃபாரம்16:
கூடாதுங்க. அமெரிக்க நாடாளுமன்றத்தின் அச்சுக் கூட்டுக்குழு 1990இல் வெளியிட்ட விதிகளில் 13ஆம் பத்தியைப் பாருங்கள். அரசு வெளியீட்டில் தனிநபர், நிறுவன விளம்பரம் எதுவும் வரக்கூடாது. ஒதுக்கீட்டுப் பணத்தில் அச்சடித்தாலும் வேறு பணத்தில் அச்சடித்தாலும் தடை ஒன்றுதான். குறிப்பிட்ட ஒரு பொருளை அரசே பரிந்துரைப்பது போலத் தோன்றும் படமோ வரியோகூட ஆகாது. காசு வாங்காமல் லோகோ போட்டாலும் இதில் மாட்டும்.

அச்சகத்துக்கு நேராகக் கட்டுவதுதான் இன்னும் ஆபத்து. அமெரிக்கச் சட்டத்தொகுப்பு 31ஆம் தலைப்பு, 3302ஆம் பிரிவுப்படி, அரசுக்காக வாங்கும் பணம் பிடித்தம் எதுவும் இல்லாமல் கருவூலத்துக்குப் போக வேண்டும். அலுவலகம் கட்ட வேண்டிய பில்லை வெளியார் கட்டினால், நாடாளுமன்றம் ஒதுக்கிய தொகையைச் சுற்றுவழியில் கூட்டியதாகத்தான் தணிக்கையில் எழுதுவார்கள்.

செலவைக் குறையுங்கள். சென்டர் பின் அடிக்கும் (தாள்களை நடுவில் மடித்து, மடிப்பில் பின் போடும்) இதழ் என்றால் பக்கங்களை நான்கு நான்காகத்தான் குறைக்க முடியும். 20 பக்கத்தை 16 ஆக்கினால் ஒரே ஃபாரத்தில் (16 பக்கம் சேர்த்து அடிக்கும் ஒரு பெரிய தாளில்) முடியும், தனியாக 4 பக்கம் ஓட்டும் வேலை மிச்சம். உள்பக்கங்களை ஒற்றை நிறத்துக்கு மாற்றலாம். பிரதிகளை மட்டும் குறைத்தால் பெரிதாக மிச்சமாகாது, பிளேட் (அச்சுத் தகடு) செலவும் மெஷின் தயார் செய்யும் செலவும் அப்படியே நிற்கும்.

தளவாசி:
ராணுவப் பத்திரிகை விஷயத்தில் விதி மீறல் இல்லை. அதை அச்சிடுபவர் தனியார் வெளியீட்டாளர். ஒப்பந்தப்படி அவரே விளம்பரம் பிடித்து, அச்சடித்து, தளத்தில் விநியோகிக்கிறார். விளம்பர வருமானமும் அவருக்குத்தான். அரசு ஒரு டாலரும் கொடுப்பதில்லை, வாங்குவதுமில்லை. தளத்தின் மக்கள் தொடர்பு அலுவலகம் செய்திப் பகுதியை மட்டும் கொடுக்கும்.

இதற்கான பாதுகாப்புத் துறை ஆணை 5120.04. இதழிலேயே, விளம்பரம் வந்திருப்பதால் அந்தப் பொருளைத் துறை ஆதரிப்பதாகாது என்ற வாசகமும், விளம்பரப்படுத்தியதை இனம், மதம் போன்ற பாகுபாடின்றி எல்லோருக்கும் விற்க வேண்டும் என்ற வாசகமும் இருக்க வேண்டும். தேர்தல் விளம்பரத்துக்கு இடமே இல்லை. அரசே பணம் கொடுத்து அச்சிடும் ராணுவ இதழ்களில் வணிக விளம்பரமும் கிடையாது.

காகிதக்கப்பல்:
நன்றி, பின்னட்டை யோசனையைக் கைவிடுகிறோம். நகராட்சிப் பூங்காத் துறையின் கோடைக்கால வகுப்புக் கையேடு ஒன்றும் கையில் இருக்கிறது. அதற்கும் இதே தடையா?

ஊர்க்கணக்கு:
கூட்டுக்குழு விதி மத்திய அரசுக்கு மட்டும். நகராட்சிக்கு அந்த மாநிலச் சட்டமும் நகரசபைக் கொள்கையும்தான். ஆனால் கையேட்டின் பிடிஎஃப்பை நகரத்தின் டாட் கவ் (.gov, அமெரிக்க அரசு அமைப்புகளுக்கு மட்டுமான இணைய முகவரி) தளத்தில் ஏற்றுமுன் நிறுத்துங்கள். தனியாருக்கு ஆதாயம் தரும் விளம்பரத்துக்கு அந்த டொமைனைப் பயன்படுத்தக் கூடாது என்பது பதிவு நிபந்தனை, நகராட்சிக்கும் பொருந்தும். விளம்பரம் இல்லாத பிரதியை ஏற்றுவதே நல்லது.

இன்னொன்று. முதல் விளம்பரம் வாங்கும் முன்பே, எந்த வகையை ஏற்போம், எதை மறுப்போம் என்று எழுத்தில் கொள்கை வேண்டும். விளம்பரம் வந்த பிறகு, கருத்து பிடிக்கவில்லை என்று ஒருவரை மட்டும் மறுத்தால் பேச்சுரிமை வழக்கு வரும். ஒஹாயோ மாநிலத்தின் ஷேக்கர் ஹைட்ஸ் நகரம் தன் போக்குவரத்து வண்டிகளில் அரசியல் விளம்பரம் எதையுமே ஏற்றதில்லை. அதனால்தான் ஒரு வேட்பாளர் தொடுத்த வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.